ஊர் சிரித்தது, அவர்கள் பாடினார்கள்!

விமானம் நிறைய நிருபர்கள் வந்தும் பெயர் கெட்டது. எட்டே பாட்டுகளில் பதில் சொன்னது ஓர் இங்கிலாந்துக் கோஷ்டி.

ஒரு பாட்டுக் கோஷ்டி கச்சேரி செய்யப் போகிறது. அதைக் கேட்டு நாலு வார்த்தை நல்லதாக எழுத வேண்டும். அதற்காகப் பத்திரிகை நிருபர்களை ஒரு விமானம் நிறைய ஏற்றி, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அழைத்துப் போகிறார்கள்!

விமானக் கட்டணம் நிருபர்களுக்கு இல்லை. சாப்பாட்டுக்குக் காசு இல்லை. குடிக்கிறவர்களுக்கு மதுவும் தாராளம். நியூயார்க்கில் இறங்கினால் நீளமான சொகுசுக் கார்கள் காத்து நிற்கின்றன.

போனவர்கள் ஊர் திரும்பி என்ன எழுதினார்கள்?

இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எழுதினார்கள். கேலி செய்து எழுதினார்கள். கோஷ்டியின் பெயரைச் சொன்னாலே ஜனங்கள் சிரிக்கும்படி எழுதினார்கள்.

இது 1970-ம் ஆண்டில் நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதே கோஷ்டி இன்னொரு இசைத்தட்டு வெளியிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "டிஸ்பைட் இட் ஆல்".

"இத்தனை நடந்தும் கூட" என்று அதற்குப் பொருள்!

அந்தத் தட்டை அன்று வாங்கியவர்கள் மிகச் சிலர். இன்றும் அதிகம் பேர் அதை அறிய மாட்டார்கள். ஆனால் அதற்குள் ஒரு நல்ல கதை இருக்கிறது.

பள்ளிக்கூடத் தோழர்கள்

கோஷ்டியின் பெயர் பிரின்ஸ்லி ஷ்வார்ஸ். இது ஒரு மனிதரின் பெயர். கோஷ்டியில் கித்தார் வாசித்தவர் அவர். அவர் பெயரையே கோஷ்டிக்கும் வைத்துவிட்டார்கள்.

அவருடன் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர் நிக் லோ. பாட்டுக் கட்டுவதும், முன்னால் நின்று பாடுவதும், கனத்த நாதம் தரும் பேஸ் கித்தார் வாசிப்பதும் இவர் வேலை. ஆர்கனும் பியானோவும் வாசித்தவர் பாப் ஆண்ட்ரூஸ். டிரம் அடித்தவர் பில்லி ராங்கின். மொத்தம் நாலு பேர்.

அதற்கு முன்பு அவர்கள் கிப்பிங்டன் லாட்ஜ் என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் கென்ட் ஜில்லாவில் உள்ள டன்பிரிட்ஜ் வெல்ஸ் அவர்கள் ஊர். 1967 முதல் 1969 வரை சில சிறு தட்டுகள் வெளிவந்தன. அவற்றை வெளியிட்டது பார்லபோன் கம்பெனி. புகழ்பெற்ற பீட்டில்ஸ் கோஷ்டிக்கு முதல் வெற்றிகளைக் கொடுத்த அதே கம்பெனிதான்!

ஆனால் பீட்டில்ஸுக்கு அடித்த அதிர்ஷ்டம் இவர்களுக்கு அடிக்கவில்லை. ஒரு தட்டும் விலைபோகவில்லை.

1969-ல் பெயரை மாற்றினார்கள். அப்போதுதான் ஒரு விளம்பரம் அவர்கள் கண்ணில் பட்டது.

புகழ் வியாபாரம்

"மெலடி மேக்கர்" என்பது லண்டனில் வெளிவந்த சங்கீத வாரப் பத்திரிகை. பாட்டுக் கட்டத் தெரிந்த இளைஞர் கோஷ்டி தேவை என்று அதில் ஒரு நிறுவனம் விளம்பரம் செய்திருந்தது.

நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். "பேம்புஷர்ஸ்"! "புகழைத் தள்ளிவிடுகிறவர்கள்" என்று பொருள். அதில் முக்கியமானவர் டேவ் ராபின்சன் என்ற அயர்லாந்துக்காரர்.

நாலு பேரும் போனார்கள். தேர்வானார்கள். எடுத்த எடுப்பில் அமெரிக்காவே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள்.

நியூயார்க் நகரில் பில்மோர் ஈஸ்ட் என்று ஒரு அரங்கம் இருந்தது. பில் கிரகாம் என்பவர் நடத்தியது. சுமார் 2,600 பேர் உட்காரலாம். அங்கே வாசித்தால் மதிப்பு. பெரிய பெரிய கோஷ்டிகளே அந்த மேடைக்கு ஆசைப்பட்ட காலம் அது.

நம் கோஷ்டிக்கு அப்போது ஊரிலேயே பெயர் கிடையாது. அவர்களை அந்த மேடையில் ஏற்றினார்கள். 1970 ஏப்ரல் 3, 4 தேதிகளில் கச்சேரி. அதே மேடையில் பாட இருந்தவர்கள் யார் தெரியுமா? வான் மாரிசன் என்ற பெரிய பாடகரும், குவிக்சில்வர் மெசஞ்சர் சர்வீஸ் என்ற அமெரிக்கக் கோஷ்டியும்.

நீச்சல் பழகுகிறவனை நடுக்கடலில் கொண்டு போய் விட்டது போலத்தான்!

அன்று நடந்தது

முன்கூட்டியே போய் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அமெரிக்கா செல்ல விசா உரிய காலத்தில் கிடைக்கவில்லை. கனடாவுக்குப் போய், அங்கிருந்து சிறு விமானத்தில் வந்து சேர வேண்டியதாயிற்று. கச்சேரி நாளன்றுதான் நியூயார்க் வந்தார்கள். ஒத்திகை போயிற்று. தூக்கமும் போயிற்று.

நிருபர்கள் வந்த விமானத்துக்கும் வேளை சரியில்லை. வழியில் இயந்திரக் கோளாறு. மணிக்கணக்காகத் தாமதம். காத்திருந்த நேரமெல்லாம் மது ஓடியது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் களைத்து, தலை கிறுகிறுத்து, நேரே அரங்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

மேடையில் நாலு பையன்கள். நிக் லோவுக்கு வயது 21. அப்போதுதான் ஆகியிருந்தது.

வாசித்தார்கள். மோசமாக வாசித்தார்கள் என்று சொல்ல முடியாது. சாதாரணமாக வாசித்தார்கள். ஆனால் இத்தனை தடபுடலுக்குப் பிறகு, சாதாரணம் போதுமா? ராஜ விருந்து என்று அழைத்துவிட்டுப் பழைய சோறு போட்டால், பழைய சோற்றின் மீதா குற்றம்? ஆனால் வந்தவன் திட்டுவது சோற்றைத்தான்!

பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. அதே சமயத்தில் அவர்களுடைய முதல் பெரிய இசைத்தட்டும் வெளிவந்தது. அதை நல்ல மனத்துடன் கேட்டவர்கள் குறைவு. விளம்பரப் புளுகு என்றால் பிரின்ஸ்லி ஷ்வார்ஸ் என்று சொல்லும் நிலை வந்தது.

மோசடி ஒன்றும் அந்தப் பையன்கள் செய்யவில்லை. ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான். பெயர் கெட்டது அவர்களுடைய பெயர். அதிலும் ஒருவருக்கு, கெட்டது பெற்றோர் வைத்த சொந்தப் பெயர்!

வீட்டுக்குள் அடங்கினார்கள்

இப்படி நடந்தால் பலர் என்ன செய்வார்கள்? கோஷ்டியைக் கலைப்பார்கள். பெயரை மாற்றிக்கொண்டு வேறு வேஷம் போடுவார்கள்.

இவர்கள் பெயரை மாற்றவில்லை. கோஷ்டியையும் கலைக்கவில்லை. டேவ் ராபின்சனையும் விரட்டவில்லை. பேம்புஷர்ஸ் நிறுவனம் நீடிக்கவில்லை. ராபின்சன் மட்டும் கோஷ்டியுடனே தங்கிவிட்டார்.

லண்டனின் ஓரத்தில் நார்த்வுட் என்ற இடத்தில் ஒரு பெரிய வீடு. கூட்டுக் குடும்பம் மாதிரி எல்லாரும் அதில் ஒன்றாக வசித்தார்கள். கோஷ்டிக்காரர்கள், அவர்கள் குடும்பத்தார், சாமான் ஏற்றி இறக்கும் உதவியாளர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். பாட்டுப் பழகுவதும் அங்கேதான்.

இனிமேல் விளம்பர ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். என்ன தெரியுமோ அதை வாசிப்போம், தெரியாததைக் கற்றுக்கொள்வோம். இதுதான் அவர்கள் திட்டம்.

கற்றுக்கொள்ள அவர்கள் எடுத்த பாடம், அமெரிக்க நாட்டுப்புறச் சங்கீதம்.

போன பாட்டு திரும்பி வந்தது

அமெரிக்காவில் அதைக் "கன்ட்ரி" சங்கீதம் என்பார்கள். உழவர்களும் சுரங்கத் தொழிலாளிகளும் ரயில் தொழிலாளிகளும் பாடிய பாட்டு அது. வீடு, பிரிவு, காதல், தெய்வம், வறுமை, நெடும் பயணம், இவைதான் அதன் விஷயங்கள். பெரிய வார்த்தை இராது. நெஞ்சில் இருப்பது நாக்கில் வரும்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து தேசங்களிலிருந்து கப்பல் ஏறிப் போன ஏழைகள், தங்கள் கதைப் பாட்டுகளையும் பிடிலையும் கூடவே கொண்டு போனார்கள். மலைப் பிரதேசங்களில் குடியேறினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களிடமிருந்து பாஞ்சோ வாத்தியம் வந்தது. ஹவாய்த் தீவிலிருந்து ஸ்டீல் கித்தார் வந்தது. எல்லாம் கலந்து பிறந்ததுதான் இந்தச் சங்கீதம்.

1927-ம் ஆண்டில் பிரிஸ்டல் என்ற சிறு நகரில் ஒரு ரெக்கார்டு கம்பெனி முகாம் போட்டு மலைநாட்டுப் பாடகர்களைப் பதிவு செய்தது. அங்கே முதன்முதலாகப் பதிவான ஒரு குடும்பத்தின் பெயர் கார்ட்டர் குடும்பம். கன்ட்ரி சங்கீதத்தின் ஆதிக் குடும்பம் என்று அவர்களை அமெரிக்கர்கள் கொண்டாடுகிறார்கள். இந்தக் குடும்பத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்!

ஆகவே, இங்கிலாந்துப் பையன்கள் கன்ட்ரி பாட்டுக் கற்றுக்கொண்டது ஒரு வகையில் தாய்வீட்டுக்கு மகள் திரும்பி வந்த கதைதான். ஆனால் 1970-ல் அங்கே அதைப் பலர் ஒப்பவில்லை. அமெரிக்கக் குடியானவன் பாட்டு இவர்களுக்கு எதற்கு என்று முகம் சுளித்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் மதிப்பு இருந்தது நீண்ட வாசிப்புக்கும் பெரிய முழக்கத்துக்கும்தான்.

எட்டுப் பாட்டு

இப்போது தட்டுக்கு வருவோம்.

முதல் தட்டில் இவர்களும் ஊரோடு ஒத்து ஓடியவர்கள்தான். அதில் ஒரு பாட்டு சுமார் பத்து நிமிஷம் நீளும். இரண்டாவது தட்டில் ஊசியை வைத்தவுடன் முதலில் வருவது "கன்ட்ரி கேர்ள்" என்ற பாட்டு. "கிராமத்துப் பெண்" என்று பொருள். பிடில் துள்ளுகிறது. தாளம் நடை போடுகிறது. சில மாதம் முன்பு உலகமே கேலி செய்த ஆட்களா இவ்வளவு உற்சாகமாக வாசிக்கிறார்கள் என்று தோன்றும்.

பிடில் வாசித்தவர் வில்லி வைடர். ஸ்டீல் கித்தாருக்கு பிரையன் கோல் என்பவரை அழைத்திருந்தார்கள். இந்த வாத்தியத்தை மடியில் சாய்த்து வாசிப்பதில்லை. மேஜை மாதிரிக் கால்கள் இருக்கும். தந்திகள் படுக்கையாக இருக்கும். வாசிப்பவர் உட்கார்ந்துகொண்டு, இடது கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துத் தந்திகள் மேல் வழுக்குவார். காலால் பெடலை அழுத்தினால் சுருதி ஏறி இறங்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்கு இழைந்து போகும் அந்த நாதம், விம்மி அழுகிற குரல் போலவே இருக்கும்.

சாக்ஸபோன் ஊதினவர் டேவ் ஜாக்சன். அவர் வேறொரு பிரபல கோஷ்டியைச் சேர்ந்தவர்.

எட்டுப் பாட்டுகளில் ஏழு நிக் லோ எழுதியவை. ஒன்று பாப் ஆண்ட்ரூஸ் எழுதியது. அதன் தலைப்பு "பீஸ் ஆப் ஹோம்". "வீட்டின் ஒரு துண்டு" என்று சொல்லலாம். மற்றத் தலைப்புகளும் அப்படித்தான். ஒன்றுக்கு "மெதுவானது" என்று பெயர். இன்னொன்றுக்குக் "காதல் பாட்டு" என்று பெயர். கடைசிப் பாட்டின் தலைப்பில் ஜாரோ என்ற ஊர் வருகிறது. இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஊர் அது. கப்பல் கட்டும் தொழில் நசித்து, 1936-ல் அவ்வூர் ஆட்கள் சுமார் 200 பேர் வேலை கேட்டு லண்டன் வரை கால்நடையாக நடந்தார்கள். அமெரிக்க மெட்டில் பாடினாலும் இவர்களுக்குச் சொந்த மண் மறக்கவில்லை.

தட்டில் குறை இல்லையா? உண்டு. நிக் லோ இங்கிலாந்துக்காரர். பாடும்போது குரல் அமெரிக்கா போய்விடுகிறது. சில இடங்களில் வான் மாரிசனின் சாயல் நன்றாகவே தெரிகிறது.

ஆனால் அதையும் யோசித்துப் பாருங்கள். நியூயார்க்கில் மானம் போன அந்த இரவில் அதே மேடையில் பாடியவர்தானே வான் மாரிசன்? பொறாமைப்பட்டு ஒதுங்கியிருக்கலாம். இவர்களோ அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். தோற்ற இடத்தில் பாடம் படிக்க எல்லாருக்கும் மனம் வராது.

இந்தத் தட்டில் ஒருவரும் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டவில்லை. கித்தார் பேசும்போது ஆர்கன் ஒதுங்குகிறது. பாட்டு வந்தால் கித்தார் அடங்குகிறது. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் என்பது வாசிப்பிலேயே தெரிகிறது.

விலைபோகவில்லை

சரி, தட்டு வெற்றியா?

இல்லை. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அது இடம்பெறவே இல்லை. இந்தக் கோஷ்டி கடைசிவரை வெளியிட்ட எந்தத் தட்டும் அந்தப் பட்டியலை எட்டவில்லை!

ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. 1972-ல் வெளிவந்த "சில்வர் பிஸ்டல்" என்ற மூன்றாவது தட்டை நார்த்வுட் வீட்டிலேயே பதிவு செய்தார்கள். இயன் கோம் என்பவர் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில் லண்டனில் ஒரு புது வழக்கம் தோன்றியது. இங்கிலாந்தில் பேட்டைக்குப் பேட்டை மது விடுதிகள் உண்டு. வேலை முடிந்து வருகிறவர்கள் மாலையில் கூடிப் பேசும் இடம். கென்டிஷ் டவுன் பகுதியில் டாலி ஹோ என்ற விடுதியில் எக்ஸ் ஓவர் ஈசி என்ற அமெரிக்கக் கோஷ்டி 1971-ல் வாசிக்கத் தொடங்கியது. மேடை அலங்காரம் இல்லை. கண்ணைப் பறிக்கும் விளக்கு இல்லை. கேட்பவர் கையெட்டும் தூரத்தில் பாட்டு!

பிரின்ஸ்லி கோஷ்டியும் அங்கே போய் வாசித்தது. விமானம் வைத்து ஆள் கூட்டியும் கிடைக்காத மரியாதை, ஒரு சின்ன விடுதியின் மூலையில் கிடைத்தது. அவர்களைப் பார்த்து வேறு பல கோஷ்டிகள் விடுதிகளைத் தேடி வந்தன. "பப் ராக்" என்றே அந்த வகைக்குப் பெயர் வந்துவிட்டது.

1975-ல் கோஷ்டி கலைந்தது. சண்டையில்லாமல் அவரவர் வழி போனார்கள்.

விதைத்தது முளைத்தது

போன வழிகளைப் பாருங்கள்.

பிரின்ஸ்லி ஷ்வார்ஸும் பாப் ஆண்ட்ரூஸும் கிரகாம் பார்க்கர் என்ற பாடகருக்குப் பின்னால் "ரூமர்" என்ற கோஷ்டியில் சேர்ந்தார்கள். நல்ல பெயர் எடுத்தார்கள்.

டேவ் ராபின்சன் 1976-ல் இன்னொருவருடன் கூட்டாக "ஸ்டிப்" என்ற ரெக்கார்டு கம்பெனியைத் தொடங்கினார். அதன் முதல் தட்டு நிக் லோவின் பாட்டு! 1977-ல் எல்விஸ் கோஸ்டெல்லோவின் முதல் தட்டு அதே கம்பெனியில் வந்தது. பதிவை மேற்பார்த்தவர் நிக் லோ.

நிக் லோவும் இயன் கோமும் சேர்ந்து எழுதிய "குரூயல் டு பி கைண்ட்" என்ற பாட்டு 1979-ல் இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டு தேசத்துப் பட்டியலிலும் 12-வது இடத்தைப் பிடித்தது.

கோஷ்டியின் 1974-ம் ஆண்டுத் தட்டில் அமைதியையும் அன்பையும் பற்றி நிக் லோ எழுதிய ஒரு பாட்டு இருந்தது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. 1992-ல் "பாடிகார்ட்" என்ற அமெரிக்கப் படத்தின் இசைத்தட்டில் கர்ட்டிஸ் ஸ்டைகர்ஸ் என்பவர் அதைப் பாடினார். விட்னி ஹூஸ்டன் பாடல்களுக்காக உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்ற தட்டு அது. விற்ற ஒவ்வொரு தட்டிலும் பாட்டு எழுதியவருக்கும் ஒரு பங்கு உண்டு அல்லவா?

கார்ட்டர் வீட்டு மருமகன்

இனி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பெயருக்கு வருவோம்.

1979-ல் நிக் லோ ஒரு பாடகியை மணந்துகொண்டார். அவர் பெயர் கார்லின் கார்ட்டர். 1927-ல் பிரிஸ்டல் நகரில் பதிவான அந்த ஆதிக் குடும்பத்தின் மேபெல் கார்ட்டருக்குப் பேத்தி! கார்லினின் தாயார் ஜூன் கார்ட்டரை மணந்திருந்தவர் யார்? கன்ட்ரி சங்கீதத்தின் சக்கரவர்த்தி ஜானி காஷ்!

இங்கிலாந்துக்காரனுக்குக் கன்ட்ரி பாட்டு எதற்கு என்று கேட்டார்களே, அவர் அந்தப் பாட்டு பிறந்த வீட்டுக்கே மருமகனாகப் போனார்.

அந்தத் தம்பதிகள் 1990-ல் பிரிந்துவிட்டார்கள். ஆனால் மாமனாரின் அன்பு பிரியவில்லை. 1994-ல் ஜானி காஷ் வெளியிட்ட "அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்" என்ற தட்டு, அவருடைய முதுமைக் காலப் பெருமையாக இன்றும் பேசப்படுகிறது. அதில் ஒரு பாட்டு நிக் லோ எழுதியது. மனிதனுக்குள் இருக்கும் மிருகத்தைப் பற்றியது.

1970-ல் பிடிலையும் ஸ்டீல் கித்தாரையும் வைத்துக்கொண்டு பழகத் தொடங்கிய பையன். 24 ஆண்டு கழித்து, அந்தச் சங்கீதத்தின் பெரியவரே அவன் எழுதியதைத் தன் வாயால் பாடினார்.

கேட்டுப் பாருங்கள்

"டிஸ்பைட் இட் ஆல்" உலகத்தை மாற்றிய தட்டு அல்ல. மிகச் சிறந்த தட்டுகளின் வரிசையில் யாரும் அதை வைப்பதில்லை. நிக் லோவே பிற்காலத்தில் இதைவிட நல்ல பாட்டுகள் பல எழுதினார்.

ஆனால் ஒரு மனிதன் தலைகுனிந்து வீட்டுக்குப் போன பிறகு, மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்கிறான் என்பது முக்கியம் அல்லவா? பரீட்சையில் தோற்ற பையனுக்கும், வியாபாரத்தில் நொடித்த தகப்பனுக்கும், ஊர் வாயில் விழுந்த குடும்பத்துக்கும் அந்தக் காலை வரத்தான் செய்யும்.

இவர்கள் அந்தக் காலையில் யாரையும் திட்டவில்லை. நிருபர்களுக்குப் பதில் எழுதவில்லை. வாத்தியத்தை எடுத்துச் சுருதி கூட்டினார்கள்.

அந்தச் சுருதியை இன்றும் கேட்கலாம். தட்டின் முதல் பாட்டில் பிடில் துள்ளி எழும் இடத்தைக் கேளுங்கள். அழுது முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியவர்களின் சத்தம் அது.